இரண்டாம் ஊத்துக்கு எழுதிய தாள்கள்

மாண்ட்ரியலில் இறங்கியபோது எனக்கு யார் மேல் கோபம் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. அவள் பெயர் தாலின். அவளை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

கோடம்பாக்கத்தில் பத்தொன்பது வருடமாக நோட்ஸ் எழுதுகிறேன். இசையமைப்பாளர் பாடிக் காட்டுவார், இல்லையென்றால் போனில் முனகி அனுப்புவார். அதை ஐந்து கோட்டில் புள்ளிகளாக்கி, வயலினுக்கு ஒன்று, செல்லோவுக்கு ஒன்று, கிளாரினெட்டுக்கு ஒன்று என்று தனித்தனித் தாள் எடுத்து ஸ்டாண்டில் வைப்பது என் வேலை. நாற்பது பேர் வந்து உட்காருவார்கள், ஒருமுறை கண்ணால் ஓட்டுவார்கள், வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் தொழிலில் ஒரே சட்டம்தான். தாளில் இருப்பதை வாசி. உன் கற்பனையை வீட்டில் வைத்துவிட்டு வா.

அந்தச் சட்டத்தை ஒருத்தி மீறுகிறாள் என்று ஜெயம் அண்ணா போனில் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பகலில் லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் வேலை, மாலையில் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் பாடகர் குழுவுக்குத் தலைவர். தவக்காலத்தில் பாடும் பசாம் என்ற புலம்பல்களில் ஏழு பாட்டுகளை எடுத்து, சனிக்கிழமை மாலை ஒரு நிகழ்ச்சி நடத்த ஏற்பாடு செய்திருந்தார். அதே கோயில் கட்டடத்தில் அரபி பேசும் சபை ஒன்றும் பூசை வைக்கிறது. அவர்களும் தவக்காலத்தில் அழுது பாடுகிறவர்கள். இரண்டு கூட்டமும் சேர்ந்து பாடுவது என்று பேச்சு.

பாட்டுகளை எமில்டா அக்கா என்ற மன்னார்க்காரர் பாடி அனுப்பியிருந்தார். அதில் ஒரு ரிஷபம் வரும். சின்ன ரிஷபமும் இல்லை, பெரியதும் இல்லை, நடுவில் நிற்கும். ஆர்மோனியத்தில் அதற்குக் கட்டையே கிடையாது. அதனால்தான் ஜெயம் அண்ணா ஊத் வாத்தியத்தைப் பிடித்தார். பாதியாக வெட்டிய பேரிக்காய் மாதிரி உடம்பு, குட்டைக் கழுத்து, பின்னால் மடங்கிய தலை. வீணை போல மெட்டு கிடையாது, விரல் எங்கே அழுத்துகிறதோ அங்கே சுரம். அந்த ரிஷபம் அதில் சுலபமாக உட்காரும்.

ஊத் வாசிக்க இரண்டு பேர். நபீல், அலெப்போவிலிருந்து வந்தவர், அரபுச் சுருதி. தாலின், இஸ்தான்புல்லில் பிறந்த ஆர்மீனியப் பெண், துருக்கிச் சுருதி. “தங்கச்சி, இரண்டாவது ஊத்தின்ர தந்தி ஒரு கட்டை கூட” என்று ஜெயம் அண்ணா குரல் செய்தி அனுப்பினார். சரி, தந்தி ஒரு கட்டை உயரம் என்றால், தாளில் ஒரு கட்டை இறக்கி எழுதினால் காதில் சரியாக வந்துவிடும். கிளாரினெட்டுக்குத் தினமும் போடும் கணக்கைத் திருப்பிப் போட்டேன். இருபத்தாறு தாள். மேலே பெரிதாக ‘இரண்டாம் ஊத், துருக்கிச் சுருதி’ என்று ஆங்கிலத்தில் போட்டு அனுப்பிவிட்டேன். ஒரு மாத ஒத்திகைக்குப் பிறகும் உருப்படவில்லை என்று, கடைசி வாரத்துக்கு என்னையே வரவழைத்தார்கள்.

திங்கட்கிழமை. விமான நிலையத்திலிருந்து கர்க்லாண்டில் அவர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பனி கறுப்பாகக் கிடந்தது. வெள்ளைப் பனியைக் காட்டித்தான் எல்லோரும் போட்டோ போடுகிறார்கள். மார்ச் மாதத்தில் அது பல்லாவரம் கல்குவாரி மாதிரி இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஜெயம் அண்ணாவின் மனைவி ரீட்டா அக்கா சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தார். இருபது மணி நேரப் பயணம். நான் ஒரு கோழித்துண்டை எதிர்பார்த்தேன்.

“தவக்காலமெல்லோ, உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் இஞ்ச மச்சம் இல்லை. உங்களுக்கு முட்டை பொரிக்கட்டோ?” என்றார் ரீட்டா அக்கா.

“வேணாம்க்கா, பருப்பே போதும்” என்றேன். பொய்தான்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. கோயிலின் கீழ்த்தளக் கூடத்தில் நாற்பது பேர். எல்லோரும் பனிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்று பாடினார்கள். கல்யாண மண்டபத்துக்கு வந்த மாதிரி வாசலில் காலணிக் குவியல். நபீல் ஐம்பது வயதுக்காரர், மருந்துக்கடையில் வேலை, சிரித்துக்கொண்டே இருப்பார். தாலின் ஓரத்தில், கொஞ்சம் சின்ன ஊத் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முதல் பாட்டைத் தொடங்கினார்கள். எமில்டா அக்காவின் குரலைப் போனில் கேட்டதற்கும் நேரில் கேட்டதற்கும் சம்பந்தமே இல்லை. கூடமே கனத்தது. நபீல் அவரோடு ஒட்டிக்கொண்டு போனார். தாலின் போகவில்லை. பாடகர்கள் ‘ச’வில் நிற்கும்போது அவள் கீழே ‘ம’வில் இருந்தாள். முழுப் பாட்டையும் மத்யமத்திலிருந்து வாசித்தாள். அபஸ்வரமாகச் சிதறவில்லை, அதுதான் மோசம். கூடவே வரும் நிழல் மாதிரி போகும், ஒரே ஓர் இடத்தில் கடிக்கும். எமில்டா அக்கா பஞ்சமத்தில் நீட்டி நிற்கும்போது ஊத் இரண்டும் அந்த நடு ரிஷபத்தைத் தொட வேண்டும்; மத்யமத்திலிருந்து வருகிறவளுக்கு அது அக்காவின் பஞ்சமத்துக்குக் கால் சுரம் கீழே விழும். அக்காவின் குரல் அங்கே வழுக்கும். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே வழுக்கல்.

“உவவுக்குக் காது அடைச்சுப்போச்சுது” என்றார் எமில்டா அக்கா, தாலினைப் பார்த்துக்கொண்டே. “இல்லையெண்டா வேணுமெண்டு செய்யிறா. உந்தப் பெட்டியை மூடச் சொல்லு, ஜெயம்.”

“ஏன்க்கா, தந்தியை இறக்கச் சொன்னா என்ன?” என்று கேட்டேன்.

“முந்தி ஒருக்கா இறக்கிப் பாத்தவ, தங்கச்சி” என்றார் ஜெயம் அண்ணா. “தந்தி தொளதொளத்துப் போச்சு. பேந்து ஏத்திப்போட்டா. இனி மாட்டன் எண்டிட்டா.”

மாட்டேன் என்று சொன்னாள் என்பதுதான் என் காதில் நின்றது. எங்கள் ஊரில் அப்படிச் சொன்னவருக்கு அடுத்த பாட்டு கிடையாது. நான் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டேன். தெரியாமல் வாசிக்கிறவர் அங்கும் இங்கும் சிதறுவார். இவள் தவறான இடத்தில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே இது திறமையின்மை இல்லை, திமிர்.

புதன்கிழமை ஜெயம் அண்ணா அவளுடைய தாள்களை என்னிடம் கொடுத்தார். மேலே அவள் பெயரை எழுதி, அவள் தவறிய இடமெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தார். “இனி நபீல் ஒருத்தரே காணும். நான் அவவுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுறன். அடுத்த வருஷம் பாப்பம் எண்டு.”

“தூக்குறதுன்னா தூக்குங்க. ஆனா மெசேஜ்ல வேணாம்ணா” என்றேன். “ஒரு மாசம் வந்து உட்கார்ந்திருக்கா. நான் நேர்ல போய் முகத்துக்கு நேரா சொல்றேன்.”

இதை நல்ல மனசு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அவளைத் திட்ட வேண்டியிருந்தது. மெசேஜில் அது முடியாது.

வியாழக்கிழமை மழை பெய்தது. சாதாரண மழை இல்லை. விழும்வரை தண்ணீர், விழுந்ததும் கண்ணாடி. ஜெயம் அண்ணா ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விட்டார். நான் தாள்களை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை, கைக்குழந்தை நடப்பது மாதிரி வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். அப்படியும் ஒருமுறை உட்கார்ந்துவிட்டேன். பையைத் தூக்கிப் பிடித்திருந்ததால் தாள் நனையவில்லை, நான் நனைந்தேன். வாசலில் உப்புத் தூவிக்கொண்டிருந்த ஒருவர் பிரெஞ்சில் ஏதோ சொல்லி, என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, நான் நின்ற இடத்திலும் ஒரு பிடி உப்புப் போட்டார். வடாம் காயப்போடுகிறவர் மாதிரி அவ்வளவு நிதானம்.

பஸ்ஸில் இறங்கும் கதவு தானாகத் திறக்காது, மஞ்சள் பட்டையைத் தொட வேண்டும். இது தெரியாமல் நான் “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று கத்தினேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, கதவைத் தொடுவது எப்படி என்று கையை ஆட்டிக் காட்டினார். பின்னால் இருந்த முழுப் பஸ்ஸும் கையை ஆட்டிக் காட்டியது. எங்கள் 12பி பஸ்ஸில் கதவே இருக்காது, இந்தத் தொல்லையும் இல்லை.

மெட்ரோவில் எதிரே இரண்டு சென்னைப் பெண்கள். தமிழ் தெரிந்த யாரும் இல்லை என்ற தைரியத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“என் ரூம்மேட் ரைஸ் குக்கர்ல மீன் வேக வைக்கிறாடி. நேத்து தயிர் சாதத்துல வஞ்சிரம் வாசனை.”

“அவகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?”

“எப்படிடி மூஞ்சிக்கு நேரா சொல்றது? நான் புது குக்கர் ஆர்டர் பண்ணிட்டேன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “மூஞ்சிக்கு நேராத்தான்மா சொல்லணும். அவளுக்குத் தெரியவே தெரியாதுன்னா?” என்றேன். இருவரும் திடுக்கிட்டு, பிறகு சிரித்து, நான் எந்த ஏரியா, என்ன வேலை என்று கேட்டு, ரைஸ் குக்கர் நியாயம் பேசி முடிப்பதற்குள் என் நிறுத்தம் போய்விட்டது. நீல லைனின் கடைசி நிறுத்தம்வரை போய், திரும்பி வந்து, கோட்-டெ-நெய்ஜில் ஏறி வெளியே வந்தபோது மூன்று மணி.

தாலின் அங்கே ஓர் அடுக்குமாடியில் ஆறாவது மாடியில் இருந்தாள். பக்கத்து மருத்துவமனை ஒன்றில் வார்டு உதவியாளர். நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது. காலை ஆறு மணி ஷிப்ட் முடிந்து வந்து, இன்னும் நீல உடையில்தான் இருந்தாள்.

“என்னை நீக்கிவிட்டதைச் சொல்ல வந்திருக்கிறீர்கள்” என்றாள் ஆங்கிலத்தில். “முதலில் சாப்பிடுங்கள். உடம்பெல்லாம் நனைந்திருக்கிறது.”

தட்டில் வைத்ததைப் பார்த்தேன். பருப்பையும் கோதுமை நொய்யையும் வேகவைத்து, பிசைந்து, கையில் அழுத்தி விரல் அடையாளம் தெரிய வைத்திருந்தாள். அச்சாக நம் பிடிகொழுக்கட்டை. ஆர்மீனியர்களுக்கும் தவக்காலமாம், பால் முட்டைகூடத் தொடமாட்டார்களாம். பூமியின் எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குப் பருப்புதான்.

சாப்பிட்டுவிட்டுச் சொன்னேன். “ஆமாம். நீக்கத்தான் வந்தேன்.”

அவள் தலையை ஆட்டினாள். “பாடுகிற அம்மா, எமில்டா. அவரும் என் மருத்துவமனையில்தான் வேலை. எங்கள் வார்டு நடைபாதையைத் துடைப்பது அவர்தான். இரண்டு வருடமாகத் தினமும் காலையில் போன்ஜூர் தாலின் என்பார். அவர்தான் என்னை ஜெயத்திடம் கூட்டிக்கொண்டு போனார். இரண்டாவது ஒத்திகையிலிருந்து போன்ஜூர் இல்லை. நான் எதிரே வந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த நடைபாதைக்குப் போகிறார். நான் என்ன செய்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நீக்குங்கள்.”

“தாளில் இருப்பதை வாசிக்கவில்லை.”

“தாளில் இருப்பதை மட்டும்தான் வாசிக்கிறேன்” என்றாள். குரல் அப்போதுதான் உயர்ந்தது. “நீங்கள் எழுதியது எனக்குப் பிடித்துக்கூட இருந்தது. நபீல் பாட்டோடு போகிறார், நான் ஐந்து சுரம் கீழே நிழல் மாதிரி வருகிறேன். ஒரே ஓர் இடத்தில் ஏன் அப்படிக் கடிக்க வைத்தீர்கள் என்றுதான் புரியவில்லை. புலம்பல் என்பதால் வேண்டுமென்றே வைத்தீர்கள் என்று நினைத்தேன்.”

“ஐந்து சுரம் கீழே நான் எழுதவே இல்லை.”

அவள் வாத்தியத்தை எடுத்தாள். நான் முதல் தாளை விரித்தேன். முதல் புள்ளி. கோட்டில் அது நிற்கும் இடத்துக்குப் பெயர் ‘தோ’. எங்கள் கணக்கில் ஒரு கட்டை. அவள் அதைப் பார்த்தாள், தந்தியைத் தட்டினாள். என் காதில் ‘சோல்’ விழுந்தது. ஐந்து கட்டை, மந்திரத்தில்.

“இது தோ இல்லை.”

“உங்கள் காதுக்கு இல்லை. என் தாளில் இதுதான் தோ. துருக்கியில் படித்த எல்லோருக்கும் அப்படித்தான். நாங்கள் எழுதுவது ஓரிடம், அது ஒலிப்பது நாலு சுரம் கீழே. மேலே துருக்கிச் சுருதி என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். எங்கள் முறைப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.”

எனக்குக் காது சுட்டது. கிளாரினெட்காரர் தாளில் ஒன்றைப் பார்த்து வேறொன்றை ஊதுகிறவர். அவருக்கென்று மாற்றி எழுதுவது என் தினசரி வேலை. புதிதாக ஒருவர் வந்தால், நீங்க எப்படிப் படிப்பீங்க என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. இங்கே கேட்கவில்லை. தந்தியைப் பற்றி விசாரித்தேன், ஆளை விசாரிக்கவில்லை. நான் ஒரு கட்டை இறக்கினேன். அவள் படிக்கும் முறை நாலு சுரம் இறக்கியது. இரண்டும் சேர்ந்து பாட்டு மந்திர மத்யமத்தில் போய் விழுந்தது. அவள் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது என் தாளின் மேல்.

இவ்வளவு நாளும் யாரும் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. தாலின் நான் போட்ட ஏற்பாடு என்று நினைத்தாள். ஜெயம் அண்ணா அவள் திமிர் என்று நினைத்தார். நபீல் என்ன நினைத்தார் என்று அங்கேயே போன் போட்டுக் கேட்டேன். “உங்கள் தமிழ் வழக்கம் என்று நினைத்தேன். சபையில் குறுக்கே பேசக் கூடாது பாருங்கள்” என்றார்.

தாலினிடம் சொன்னேன். “தப்பு என்னுடையது. சனிக்கிழமைக்குள் இருபத்தாறு தாளையும் மாற்றி எழுதித் தருகிறேன்.”

“எழுதுங்கள். பார்த்துவிட்டுத்தான் வருவதா இல்லையா என்று சொல்வேன்” என்றாள். பழைய தாள்களை என்னிடம் திருப்பித் தரவில்லை.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் ஜெயம் அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் சுண்டிவிட்டது.

“தங்கச்சி, இஞ்சத்த ஆக்களுக்கு உங்களைப் பற்றி என்னெண்டு சொல்லி வைச்சிருக்கிறன் தெரியுமோ? சென்னையில பெரிய பெரிய ஆக்களுக்கு எழுதிறவ எண்டு. இப்ப போய் பிழை உங்கட எண்டு சொன்னா என்னை என்ன நினைப்பினம்? பேப்பர் மாத்தியாச்சு எண்டு மட்டும் சொல்லுவம். காணும்.”

“காணாது” என்றேன். அந்த வீட்டில் கற்றுக்கொண்ட வார்த்தை. “அவளுக்குக் காது அடைச்சுப்போச்சுன்னு நாப்பது பேர் முன்னாடி சொல்லிருக்கோம்ணா. அதே நாப்பது பேர் முன்னாடிதான் சொல்லணும்.”

“இஞ்சருங்கோ, அவ சொல்லட்டும்” என்றார் ரீட்டா அக்கா, எனக்கு இன்னொரு கரண்டி பருப்பை ஊற்றியபடி. “நீங்களும் வட்டம் போடேக்க என்னட்டக் கேட்டே போட்டனீங்கள்?”

வெள்ளிக்கிழமை முழுவதும் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாப் புள்ளியும் மேலே ஏறிவிடும். ஆனால் அந்த நடு ரிஷபம் இருக்கிறதே, அதற்கு அரபுத் தாளில் ஒரு குறி, துருக்கித் தாளில் வேறு குறி. இயந்திரம் புள்ளியை நகர்த்தியது, குறியை அப்படியே விட்டது. ஒவ்வொரு குறியையும் அழித்து, எமில்டா அக்காவின் பதிவைக் கேட்டு, கையால் போட வேண்டும். ஒரு தாள் முடிந்ததும் படம் எடுத்துத் தாலினுக்கு அனுப்பினேன். அவள் இடைவேளையில், துணி அடுக்கும் அறையிலிருந்து, வாயாலேயே பாடி அனுப்பினாள். இரண்டு தாளில் திருத்தம் சொன்னாள். “மூன்றாவது வரி. அங்கே அந்த அம்மா கொஞ்சம் உயர்த்துகிறார். நான் ஒரு மாதம் கேட்டிருக்கிறேன்.” பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவள் சொன்னது சரி. கால் சுரத்தில் பாதி, அதைக்கூட அவள் பிடித்து வைத்திருந்தாள். இந்தக் காதைத்தான் அடைத்துப்போனது என்று சொன்னோம்.

இருபத்தாறாவது தாள் போனபோது மாலை ஐந்து மணி. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலைக் கடைசி ஒத்திகை. பத்து மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள், தாலினைத் தவிர. பத்தே காலுக்கு, தோளில் ஊத் பெட்டியோடு, சப்பாத்தைக் கழற்றிக் குவியலில் ஓரமாக வைத்துவிட்டு வந்தாள். நான் எழுந்து நின்றேன். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை.

“இவங்க ஒரு மாசமா வாசிச்சது தப்பு இல்ல. நான் எழுதினதுதான் தப்பு. எழுதினதை எழுதினபடியே வாசிச்சாங்க. யாராவது யாரையாவது திட்டணும்னா என்னைத் திட்டுங்க.”

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். நாற்பது பேரும் தங்கள் காலுறையைப் பார்த்தார்கள்.

தாலின் பெட்டியைத் திறந்து, பழைய தாள்களை எடுத்து, ஒரு பேனாவோடு என் முன் வைத்தாள். “எங்கள் வார்டில் தவறாக எழுதினால் அழிக்கக் கூடாது. அதன் மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் எழுதியவருடைய பெயரின் முதல் எழுத்து. அப்போதுதான் நாளைக்கு எடுத்துப் பார்ப்பவருக்கு யார் தவறு என்று தெரியும். இதில் என் பெயரும் சிவப்பு வட்டமும் மட்டும் இருக்கிறது. சரிசெய்யுங்கள்.”

உட்கார்ந்தேன். ஒவ்வொரு வட்டத்தின் மேலும் ஒரு கோடு, பக்கத்தில் ‘வ’. என் பெயர் வசந்தா. நபீல் தாளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, “மேடம், விவாகரத்துப் பத்திரத்தில்கூட இவ்வளவு கையெழுத்து இல்லை” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை, நான் மட்டும் சிரித்தேன். பத்தாவது தாளில் ஜெயம் அண்ணா வந்து என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். “வட்டம் நான் போட்டது” என்று சொல்லி, என் ‘வ’வுக்குப் பக்கத்தில் ‘ஜெ’ போட ஆரம்பித்தார்.

எமில்டா அக்கா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“நான் ஒண்டும் எழுதேல்லையே” என்றார். “வாயாலதான் சொன்னனான். அது காத்தோட போச்சு.”

“என்ன சொல்கிறார்?” என்று தாலின் என்னிடம் கேட்டாள். ஒரு எழுத்துக் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

தாலின் தந்தியை முறுக்கிச் சுருதி பார்த்துக்கொண்டே சொன்னாள். “காற்றோடு போனது தமிழில் போனது. எனக்குப் புரிகிற மொழியில் இன்னும் ஒன்றும் வரவில்லை.”

அதையும் மொழிபெயர்த்தேன். எமில்டா அக்கா சுவரை விட்டு வந்து தன் இடத்தில் நின்றார். ஒத்திகை தொடங்கியது.

நிகழ்ச்சி மாலை ஐந்து மணிக்கு. நான் மேடையில் பின்வரிசையில், இரண்டு ஊத் ஸ்டாண்டுக்கும் நடுவில், தாள் திருப்பிவிட நின்றேன். இந்தப் பக்கம் நபீலின் தாள், அந்தப் பக்கம் தாலினுடையது. ஒரே பாட்டு. இதில் புள்ளி ஓரிடம், அதில் வேறிடம். ஒரு வரிகூட ஒத்துப்போகாது. தாளை மட்டும் பார்க்கிறவன் இரண்டில் ஒன்று தப்பு என்று சத்தியம் செய்வான். கண்ணை மூடினால் ஒரே ஊத்.

அந்தப் பஞ்சமம் வந்தது. ஒரு மாதமாக வழுக்கிய இடம். எமில்டா அக்கா ஏறினார், நின்றார். கீழே இரண்டு வாத்தியமும் தரை மாதிரி இருந்தன. அவர் மூச்சை விடவே இல்லை. நான் திருப்ப வேண்டிய தாளை மறந்துவிட்டேன், தாலின் தானே திருப்பிக்கொண்டாள்.

முடிந்ததும் கீழ்த்தளத்தில் சாப்பாடு. மூன்று கூட்டத்துக்கும் ஒரே தவக்காலம், அதனால் மூன்று நாட்டுப் பருப்பு. யாழ்ப்பாணப் பருப்புக்கறி, அலெப்போவின் பருப்புச் சோறு, தாலினின் கொழுக்கட்டை. ஆறு நாளில் நான் தின்ற பருப்புக்கு ஒரு விதைக்கடை வைக்கலாம்.

தாலின் சீக்கிரம் கிளம்பினாள். கோட் மாட்டும் கம்பியருகே நின்று ஊத் பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். புதிய தாள்கள் உள்ளே இருந்தன. பழையவையும்தான், கோட்டோடும் கையெழுத்தோடும். எமில்டா அக்கா கையில் தட்டோடு கூடத்தைக் குறுக்கே கடந்து போனார். அவள் எதிரே நின்றார். தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

“போன்ஜூர், தாலின்” என்றார்.

தாலின் ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினாள். பெட்டியைத் தோளில் போட்டாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

“போன்ஜூர், எமில்டா.”

என் பக்கத்தில் ஜெயம் அண்ணா ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. “அந்திப்பட்டுப் போச்சு. இப்ப என்ன உவ போன்ஜூர் சொல்லுறா?” என்றார்.

“சும்மா இருங்கண்ணா” என்றேன்.